மஞ்சள் கேசரியும் அண்ணன் உதடும்

அண்ணனின் கீழுதடு தடிப்பதை முதலில் பார்த்தவள் நான்தான்.

இலையில் கேசரி பாதி தீர்ந்திருந்தது. நெய் வழிந்து இலை நரம்பில் தேங்கியிருந்தது. கேசரி நல்ல மஞ்சள். ஆவாரம்பூ மாதிரி. அன்னாசித் துண்டு எது, ரவை எது என்று தெரியாத மஞ்சள்.

அண்ணன் நாக்கால் உதட்டைத் தடவினார். கழுத்தைச் சொறிந்தார். பிறகு முழங்கையைச் சொறிந்தார். கம்பளிப்பூச்சி ஊர்ந்த இடம் மாதிரி தோலில் வட்ட வட்டமாகத் தடிப்பு எழுந்தது. கொஞ்ச நேரத்தில் உதடு அத்திப்பழம் மாதிரித் தொங்கியது. ஒரு கண் மூடிக்கொண்டது.

நங்கை எழுந்தாள். நங்கை என்றால் அண்ணன் பெண்டாட்டி. எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம். அவள் அண்ணன் முன்னால் இருந்த இலையை வெடுக்கென்று இழுத்துச் சுருட்டினாள். என்னைப் பார்த்தாள்.

"என்னத்தப் போட்ட?"

பந்தியில் இருந்த எல்லோரும் கையை நிறுத்தினார்கள். சாம்பார் வாளியோடு வந்த என் மகன் குமரேசன் அப்படியே நின்றான்.

"ரவை, சக்கரை, நெய்யிங்க நங்கை," என்றேன்.

"நான் கேட்டது அதில்ல," என்றாள்.

போன வாரம் மிளகுக் கொடி பற்றி எழுதினேன். இந்த வாரமும் அதைத்தான் எழுத உட்கார்ந்தேன். நேற்று ஒரு கல்யாண வீட்டில் மஞ்சள் கேசரி வைத்தார்கள். ஓரமாக ஒதுக்கி வைத்துவிட்டு வந்தேன். அதனால் இதை எழுதுகிறேன்.

கை நனைப்பது

எங்கள் மலையில் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு. நாங்கள் வாழவந்தி நாட்டில். அண்ணன் அரியூர் நாட்டில். பைக்கில் ஏறினால் டீ ஆறுவதற்குள் வந்துவிடுவார். வாரத்தில் பாதி நாள் அவருக்கு எங்கள் வீட்டுச் சோறுதான்.

அவர் மகள் செல்வியை என் மகனுக்குக் கேட்டோம். அதிலிருந்து அண்ணன் வாசலோடு நின்றுவிட்டார்.

எங்களுக்குள் அது முறை. சம்பந்தம் பேச ஆரம்பித்தால் பேசி முடியும்வரை ஒருவர் வீட்டில் ஒருவர் பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டோம். எல்லாம் ஒத்துவந்தால் பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டுக்கு வந்து சாப்பிடுவார்கள். அதுதான் கை நனைப்பது. சோற்றில் கை வைத்துவிட்டால் பேச்சு மாறக்கூடாது. அதற்குமேல் எழுத்தும் கிடையாது, சாட்சியும் கிடையாது.

ஒருநாள் அண்ணன் மரவள்ளி பிடுங்க ஆள் கேட்டு வந்தார். நல்ல வெயில். நாக்கு வறண்டு நின்றார். சொம்பை நீட்டினேன்.

"வேண்டாம் அம்முணி. முறைன்னா முறைதான்," என்றார். ரோட்டோரக் குழாயில் போய்க் குடித்தார்.

"மச்சான், அதுவும் எங்க ஊட்டுக் குழாயும் ஒரே டேங்குதான்," என்று என் வீட்டுக்காரர் கத்தினார்.

அண்ணன் கையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனார்.

அப்படிப்பட்டவர் கை நனைக்க வந்த நாளில்தான் உதடு வீங்கியது.

கேசரியில் அவ்வளவு மஞ்சள் எதற்கு என்று கேட்கலாம். வெளிறிப் போட்டால் செலவு செய்யாமல் ஒப்பேற்றிவிட்டாள் என்பார்கள். கண்ணுக்குத்தான் முதல் பந்தி. கேசரிப் பவுடரைக் கரண்டி நுனியில் எடுத்தால் போதும் என்று கடையில் சொல்லித்தான் கொடுத்தார்கள். நான் தாராளமாகவே போட்டேன். பெண் எடுக்கிற வீடு.

இடுமருந்து

அன்றைக்கே அண்ணனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஊசி போட்டார்கள். மறுநாள் உதடு வற்றிவிட்டது. ஒவ்வாமை, ஏதோ சாப்பிட்டது சேரவில்லை என்று சொல்லி அனுப்பினார்கள்.

நங்கை அதை நம்பவில்லை.

சோற்றில் மருந்து வைப்பது என்று ஒரு பேச்சு எங்கள் பக்கம் உண்டு. புருஷனை மடக்க வைப்பார்கள், சொத்தை எழுதி வாங்க வைப்பார்கள் என்பார்கள். கேட்டிருக்கிறேன். பார்த்ததில்லை. வைத்ததாகச் சொல்லப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் வீட்டில் அப்புறம் யாரும் சாப்பிட்டதில்லை.

மலைக்குக் கீழே மருந்து எடுக்கிற ஆள் ஒருவர் இருக்கிறார். நங்கை அண்ணனை அங்கே கூட்டிப்போனாள். அந்த ஆள் வயிற்றில் குழலை வைத்து உறிஞ்சினாராம். தட்டில் துப்பினாராம். மாவும் மயிரும் கலந்த உருண்டை ஒன்று விழுந்ததாம். உறவுக்காரப் பொம்பளை கை என்றாராம்.

"அந்தாளுக்கு எப்படித் தெரியும்?" என்று குமரேசன் கேட்டான்.

"உங்கத்தை வரிசையில உக்காந்திருந்தப்பவே எல்லாத்துகிட்டயும் சொல்லியிருப்பா. அவன் காது என்ன செவிடா?" என்றார் என் வீட்டுக்காரர்.

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

அண்ணனுக்கு ஆண் பிள்ளை இல்லை. மிளகுத் தோட்டம் செல்விக்குத்தான். அதைச் சுருட்டத்தான் மருந்து வைத்தேன் என்று பேச்சு கிளம்பியது. யார் முதலில் சொன்னது என்று தெரியவில்லை. எங்கள் காதுக்கு வந்தபோது எல்லோரும் சொன்னார்கள்.

பேச்சு நிற்கட்டும், இப்போதைக்கு எதுவும் வேண்டாம் என்று நங்கை ஆள் சொல்லி அனுப்பினாள். குமரேசன் கூப்பிட்டும் செல்வி போன் எடுக்கவில்லை.

அது மிளகு பறிக்கிற காலம். பறிக்க வந்த பெண்கள் ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில் கொண்டுவந்தார்கள். முன்னெல்லாம் எங்கள் குடத்தில்தான் மொண்டு குடிப்பார்கள். டீ வைத்துக் கொண்டுபோனேன்.

"இப்பத்தான் குடிச்சேனுங்க," என்றாள் ஒருத்தி.

"நானும் இப்பத்தானுங்க," என்றாள் அடுத்தவள்.

டீயில் ஏடு கட்டியது. மாட்டுத் தொட்டியில் ஊற்றினேன். மாடு குடித்தது.

அன்று சாயங்காலம் குமரேசன் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பிசைந்தான். சாப்பிடவில்லை.

"அம்மா."

"என்ன?"

"நெசமாவே ஒண்ணும் போடலைல்ல?"

அவன் தட்டிலிருந்து ஒரு வாய் எடுத்துத் தின்றேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

ஊர் சொன்னது ஒரு பக்கம். இது வேறு. மறுநாள் காலையில் அடுக்களையில் உட்கார்ந்தேன்.

ஒவ்வொன்றாக

நான் ஒன்றும் வைக்கவில்லை. ஆனால் அண்ணன் உதடு வீங்கியது பொய்யில்லை. அப்படியென்றால் ஏதோ ஒன்று என் கைக்குத் தெரியாமல் கேசரிக்குள் போயிருக்கிறது.

எல்லாவற்றையும் தரையில் பரப்பினேன். ரவை. சர்க்கரை. நெய். முந்திரி. ஏலக்காய். அன்னாசி எங்கள் காட்டில் விளைந்தது. நெய் எங்கள் மாட்டுடையது. அண்ணன் இரண்டையும் எத்தனையோ தடவை தின்றிருக்கிறார். அவற்றைத் தள்ளி வைத்தேன். கடையில் வாங்கியதை மட்டும் வேளைக்கு ஒன்றாக வேகவைத்துத் தின்று பார்த்தேன்.

"நீ செத்துப்போனா யாரு சோறாக்குறது?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர்.

"நீங்கதான்."

"அப்ப நானும் செத்துருவேன்."

எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அதில் என்ன தெரியும் என்று பிறகுதான் தோன்றியது. வீங்கியது அவர் உடம்பு. தின்பது நான்.

கடையில் வாங்கும் எதன்மேலும் எனக்கு நம்பிக்கை கிடையாது. எங்கள் மிளகு மலையிலிருந்து இறங்கும்போது சுருக்கமும் தூசியுமாக இருக்கும். அதே மிளகு கீழே ஒரு கடையில் எண்ணெய் பூசிக்கொண்டு பளபளவென்று உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். எங்கள் மரவள்ளி மண்ணும் பாலுமாக லாரி ஏறும். ஜவ்வரிசியாகத் திரும்பி வரும்போது சுண்ணாம்புச் சுவர் மாதிரி வெள்ளை. அவ்வளவு வெள்ளை எங்கள் கிழங்கில் நான் கண்டதில்லை. கேட்டால், வெள்ளையாக இருந்தால்தான் சனம் வாங்கும் என்கிறார்கள். வாங்குகிற சனத்தில் நானும் ஒருத்தி.

கடைசியில் கேசரிப் பவுடர் டப்பாதான் மிச்சம். கட்டை விரல் பருமன். எழுத்து எறும்பு மாதிரி. குமரேசன் போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் படித்தான்.

"உப்பு. அப்புறம் டார்ட்ராசின், நூத்திரெண்டு. சன்செட் எல்லோ, நூத்திப்பத்து. செயற்கை நிறம்னு போட்டிருக்குது."

"குங்குமப்பூ?"

"படம்தாம்மா இருக்குது. பூ இல்ல."

அதுவரை அந்தப் படத்தைப் பார்த்து, பூவை அரைத்துத்தான் செய்கிறார்கள் என்று நினைத்திருந்தேன்.

என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "நெம்பர் போட்டிருக்குதா? மரவள்ளிக்குப் போடறமே, பதினேழு பதினேழு, இருபது இருபது. அந்தக் கணக்கா இது?"

எங்களுக்கு மூட்டையில் எண் போட்டு வரும் பொருள் ஒன்றுதான் தெரியும். உரம். தின்கிற பொருளுக்கு எதற்கு எண்?

அவர் அதை அடுக்களையோடு விட்டிருக்கலாம். டீக்கடையில் போய்ச் சொன்னார். என்னைக் காப்பாற்றுவதாக நினைப்பு. மருந்து இல்லை, ஏதோ உர நெம்பர்தான் என்று விளக்கினாராம். பொழுது சாய்வதற்குள் நல்லம்மா கேசரியில் உரம் போட்டாள் என்று ஆகிவிட்டது. நல்லம்மா நான்தான்.

"உரம் போட்டா ஆளே வளரணுமே. உங்க மச்சானுக்கு உதடு மட்டும் வளந்திருக்குதே," என்று அங்கே ஒருவன் கேட்டானாம்.

அதையும் வந்து என்னிடம் சொன்னார்.

எண்ணுக்கு என்ன அர்த்தம்

டப்பாவை முந்தானையில் முடிந்துகொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டரம்மா சின்ன வயசு. அண்ணனுக்கு ஊசி போட்டவர் அவர்தான். டப்பாவை மேசையில் வைத்தேன்.

"இது உரமாங்க?"

அவர் சிரிக்கவில்லை. அது எனக்குப் பிடித்தது. டப்பாவை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார்.

"உரம் இல்லைம்மா. இந்த எண் அந்தக் கலரோட அடையாளம். உலகத்துல எந்தக் கடைக்காரர் என்ன பேர் வெச்சாலும் நூத்திரெண்டுன்னா இந்த மஞ்சள்தான்னு தெரியறதுக்காகப் போடறாங்க. எண் இருந்தா அது என்னன்னு தெரிஞ்ச பொருள், அவ்வளவுதான்."

"அப்ப நல்லதுங்களா?"

"எதுல போடலாம், எவ்வளவு போடலாம்னு கணக்கு இருக்கு. நீங்க எவ்வளவு போட்டீங்க?"

நான் உள்ளங்கையைக் குழித்துக் காட்டினேன். அவர் என் கையையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அது ரொம்ப அதிகம்மா. ஆனா பந்தியில எல்லாருமே சாப்பிட்டிருக்காங்க, அவருக்கு மட்டும்தான் வீங்கியிருக்கு. சிலபேர் உடம்புக்கு இந்தக் கலர் ஆகாது. தடிக்கும், அரிக்கும், உதடு வீங்கும்."

"மஞ்சத்தூளு?"

"அது வேற. அவர் தினம் குழம்புல சாப்பிடறாரே, ஒண்ணும் ஆகலையே."

"அப்ப இதுதானுங்களா?"

"இருக்கலாம். அடிச்சுச் சொல்ல மாட்டேன். கலர் சோடா, லட்டு, கலர் மாத்திரை, இருமல் சிரப்பு, இதெல்லாம் சாப்பிட்டு முன்னாடி எப்பவாவது அரிச்சிருக்கான்னு அவரைக் கேளுங்க. கேக்க மட்டும் செய்யுங்க. குடுத்துப் பாத்துராதீங்க. தொண்டை வீங்கினா மூச்சு நின்னுடும்."

அடித்துச் சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். மருந்து எடுக்கிறவர் அடித்துத்தான் சொன்னார். இவர் இருக்கலாம் என்றார். அதனால் யோசித்தேன்.

அங்கிருந்தே அண்ணன் வீட்டுக்குப் போனேன். உள்ளே போகவில்லை. தொழுவத்தில் மாடு கட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணா, லட்டு கிட்டு தின்னு எப்பவாவது அரிச்சிருக்குதா?"

"எனக்குத்தான் சக்கரை வியாதியாச்சே அம்முணி. இனிப்பு தொட்டே வருசமாச்சு. உன்ற கேசரி ஒண்ணுதான். அதும் முறைக்காக."

மாட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். கட்டிய மாட்டை அவிழ்த்து மறுபடியும் கட்டினார்.

பேளுக்குறிச்சி சந்தை

சந்தை நாளில் பஸ் ஏறினேன். வளைவுக்கு வளைவு குடல் திரும்பியது. கீழே இறங்கியதும் டப்பா வாங்கிய மளிகைக் கடைக்குப் போனேன். டப்பாவை நீட்டியதும் கடைக்காரர் முகம் மாறியது.

"ஏனுங்க, ஆபீசுல இருந்து வந்திருக்கீங்களா?"

"மலையில இருந்து வந்திருக்கறேன். இதுல ஏன் நெம்பர் போட்டிருக்குது?"

அவருக்கு மூச்சு வந்தது. "அதுங்களா? மலைக்காரங்க எல்லாரும் இப்ப அதைத்தான் கேக்கறீங்க. ஏதோ உரமுன்னு பேச்சாமா. நெம்பர் வேண்டாமுன்னா இந்தாங்க."

கீழேயிருந்து ஒரு பொட்டலம் எடுத்தார். செய்தித்தாளில் மடித்தது. உள்ளே பொடி. டப்பாவில் இருந்ததைவிடப் பளிச்சென்று இருந்தது. கண்ணைக் குத்தியது.

"இதுல நெம்பரே கெடையாதுங்க. சுத்தம். உங்க மலைக்கு இப்ப இதுதான் போகுது."

எங்கள் ஊர்ப் பேச்சு எனக்கு முன்னாலேயே சந்தைக்கு வந்துவிட்டது. எண் இருந்தால் உரம், எண் இல்லாவிட்டால் சுத்தம். அவரும் அதற்கேற்ற சரக்கை எடுத்து வைத்துவிட்டார். நானும் வாங்கியிருப்பேன், டாக்டரம்மாவைப் பார்க்காமல் வந்திருந்தால்.

விரலை எச்சிலில் தொட்டுப் பொடியில் வைத்தேன். விரலிடுக்கில் தேய்த்தேன். மோந்தேன். பொங்கலுக்கு மாட்டுக் கொம்பில் அடிக்கிற சாயத்தின் வாடை.

"கொம்புக்கு அடிக்கறதும் இதேதானா?"

"அதுக்கும் ஆகுமுங்க," என்றார். நல்ல பொருளுக்கு இன்னொரு பயன் சொல்வதுபோல் சொன்னார்.

"இது எதுல செஞ்சது?"

"வர்றதை விக்கறமுங்க."

பொட்டலத்தை அங்கேயே வைத்தேன். பிறகு வீட்டில் சோப்புப் போட்டும் விரலில் அந்த மஞ்சள் போகவில்லை. சோறு பிசையும்போதெல்லாம் தெரிந்தது. அந்த விரலை மடக்கிக்கொண்டு சாப்பிட்டேன். ஒன்று பெயர் தெரிந்த சாயம், இன்னொன்று பெயர் தெரியாத சாயம். எங்கள் ஊர் பெயர் தெரியாததைத் தேடி வாங்கிக்கொண்டிருந்தது.

மளிகைக் கடைக்குப் பக்கத்தில் இனிப்புக் கடை. தகரத் தட்டில் லட்டு மலை மாதிரி. அதே மஞ்சள். டாக்டரம்மா சொன்ன லட்டு நினைவுக்கு வந்தது. அதனால்தான் நின்றேன்.

கடைக்காரப் பையன் என்னை உற்றுப் பார்த்தான். "நீங்க அரியூர் நாட்டு மாமனுக்கு என்ன வேணுங்க? அதே மூஞ்சி."

"தங்கச்சி."

"அதானே. மாமன் எங்கீங்க, கொஞ்ச நாளா ஆளையே காணோம்? சந்தைக்குச் சந்தை தவறாம வருவாரே."

"வந்து?"

"லட்டு தின்பாரு. அவருக்கு ஆகாதுங்க. தின்னு முடிச்சதும் அந்த வேப்ப மரத்துல முதுகை வெச்சுத் தேய்ப்பாரு பாருங்க, எருமையாட்ட. வேண்டாம் மாமான்னா, பூச்சி கடிச்சிருச்சுடான்னு சொல்லிட்டு இன்னொண்ணு கேப்பாரு."

நான் வேப்ப மரத்தைப் பார்த்தேன். அடுத்த பஸ்ஸுக்குப் போய் நின்றேன்.

லட்டு

அண்ணன் மரவள்ளிக் காட்டில் இருந்தார். பிடுங்கிய கிழங்கிலிருந்து மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தார். வரப்பில் நின்றேன்.

"வேப்ப மரத்தைப் பாத்துட்டு வாரேன்," என்றேன்.

அவர் கை நின்றது.

"உங்க நங்கைக்குத் தெரிஞ்சா சோறு போட மாட்டா அம்முணி. சக்கரை ஏறுனப்ப பெருமாள் படத்து மேல அடிச்சுச் சத்தியம் வாங்கியிருக்கறா."

"எம்பேரு போச்சுண்ணா. கேசரிக்குப் போட்ட கலருதான் லட்டுலயும்."

"எனக்கும் அது கலருன்னு தெரியாது, சாமி. லட்டு ஆகாதுன்னு மட்டும் தெரியும். கேசரியும் லட்டும் ஒண்ணுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"இப்பத் தெரியுமில்ல?"

அவர் கிழங்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மருந்து எடுத்த அன்னிக்கு, இதும் லட்டாட்டந்தான் அரிக்குதுன்னு தோணுச்சு. சொன்னா மாட்டிக்குவனேன்னு வாயைத் தொறக்கல."

அதுதான் எனக்கு வலித்தது. நங்கை தெரியாமல் சொன்னாள். இவர் பாதி தெரிந்து சும்மா இருந்தார்.

"எம்பையன் நான் போட்ட சோத்தைப் பெசைஞ்சுட்டு உக்காந்திருக்கறான். உம்புள்ள போன் எடுக்கல. சொல்றதும் சொல்லாததும் உன்ற இஷ்டம். டாக்டரம்மா ஒண்ணு சொல்லச் சொன்னாங்க. இனி அந்தக் கலர் தின்னா தொண்டை வீங்கலாமாம்."

வந்துவிட்டேன். அவர் கூப்பிடவில்லை.

வெள்ளைக் கேசரி

சில நாள் கழித்து பைக் சத்தம் கேட்டது. அண்ணன் ஓட்டி வந்தார். பின்னால் நங்கை. மடியில் ஒரு பெரிய பை. அண்ணன் முகம் அடி வாங்கியது மாதிரி இருந்தது. வாங்கியிருக்கலாம்.

நங்கை வாசலில் நின்றாள்.

"லட்டுக் கதையெல்லாம் சொன்னாரு. எத்தனையோ வருசமா என்னைய ஏமாத்துன மனுசன். இப்பச் சொல்றது மட்டும் நெசமுன்னு நான் எப்படி நம்பறது? அண்ணனும் தங்கச்சியும் சேந்துக்கூடக் கட்டியிருப்பீங்க."

"நம்ப வேண்டாமுங்க," என்றேன்.

"இங்கயே, எங்கண்ணு முன்னால செய்யி. கலரு இல்லாம. அவரு தின்னட்டும். பாக்கலாம்."

பையைத் திறந்தாள். ரவை. சர்க்கரை. நெய். எல்லாம் அவள் வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்தாள்.

"தண்ணியும் கொண்டாந்திருக்கலாமே," என்றார் என் வீட்டுக்காரர். நான் அவரைப் பார்த்தேன். தோட்டத்துக்குப் போய்விட்டார்.

நங்கையிடம் சொன்னேன். "உங்க சாமான்ல செஞ்சா அது உங்க கேசரி. அதைத் தின்னு அண்ணன் நல்லா இருந்தா, என்ற சாமான்லதான் மருந்து இருந்துச்சுன்னு ஆகிப்போகும். என்ற ரவை, என்ற நெய்யி, என்ற குடத்துத் தண்ணி. சம்மதம்னா உள்ள வாங்க. இல்லீன்னா இப்படியே போயிருங்க. பொண்ணும் வேண்டாம்."

குமரேசன் கதவோரம் நின்றிருந்தான். பொண்ணும் வேண்டாம் என்றபோது அவன் கை நிலையைப் பிடித்தது. பார்த்தேன். பேச்சை மாற்றவில்லை.

நங்கை அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் தரையைப் பார்த்தார். அவள் பையை மூடி வாசலில் வைத்துவிட்டு உள்ளே வந்தாள்.

அடுப்புக்குப் பக்கத்திலேயே நின்றாள். ரவையை அள்ளி மோந்தாள். குடத்துக்குள் எட்டிப் பார்த்தாள். டாக்டரம்மா டப்பாவைப் பற்றிச் சொன்னதைச் சொன்னேன். கேட்டுக்கொண்டாள்.

"விரலு ஏன் மஞ்சளா இருக்குது?"

"சந்தையில தொட்டது. நெம்பர் இல்லாத பொடி."

"அந்தப் பொடிதான் இப்ப எங்க ஊட்டுலயும் இருக்குது," என்றாள். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"கொட்டிருங்க. கொம்புக்கு அடிக்கற சாயம்."

ரவையை வறுத்தேன். கொதிக்கிற தண்ணீரில் கொட்டிக் கிளறினேன். சர்க்கரை போட்டேன். அன்னாசி போட்டேன். நெய் விட்டேன். கேசரி வெள்ளையாகத் திரண்டது. அன்னாசித் துண்டுகள் மட்டும் தம் மஞ்சளில் தனித்தனியாகத் தெரிந்தன.

"கருமாதிக்குச் செஞ்சாப்பல இருக்குது," என்றாள் நங்கை.

இலை போட்டேன். அண்ணன் உட்கார்ந்தார். சர்க்கரை வியாதிக்காரருக்கு எவ்வளவு என்று நங்கையே அளந்தாள். நெல்லிக்காய் அளவு வைத்தாள். வைத்துவிட்டு இலையைக் கையால் மறித்தாள்.

"முதல்ல நீ தின்னு."

தின்றேன். சூடாக இருந்தது. நாக்கு சுட்டது. மென்று விழுங்கி வாயைத் திறந்து காட்டினேன். அவள் கையை எடுத்தாள்.

அண்ணன் தின்றார்.

பிறகு எல்லோரும் அவர் உதட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தோம். வெளியே மூட்டம் இறங்கி வந்து வாசலை மூடியது. அண்ணன் ஒருமுறை காதைச் சொறிந்தார். நங்கை பாதி எழுந்துவிட்டாள்.

"கொசு," என்றார் அண்ணன்.

"பூச்சி கடிச்சுருச்சுன்னுதான் அங்கயும் சொன்னியாமா," என்றாள் நங்கை. காதைத் திருப்பிப் பார்த்தாள். கொசுதான்.

மூட்டம் விலகியது. வாசலில் வெயில் விழுந்தது. அண்ணன் உதடு உதடாகவே இருந்தது. அவர் இன்னும் கொஞ்சம் வேண்டும் என்கிற மாதிரி சட்டியைப் பார்த்தார். நங்கை முறைத்தாள்.

எனக்கும் முழுசாகத் தெளியவில்லை. ஒரு நாள் வீங்காததை வைத்து எதையும் முடிவு செய்யக்கூடாது என்று டாக்டரம்மா இருந்தால் சொல்லியிருப்பார். நான் அதை வெளியே சொல்லவில்லை.

நங்கை எழுந்து வாசலுக்குப் போனாள். கிளம்பிவிட்டாள் என்றுதான் நினைத்தேன். பையைக் கிளறி அடியிலிருந்து ஒரு தூக்குப் போசியை எடுத்தாள். மூடியைத் திறந்து முந்தானையால் உள்ளே துடைத்தாள். என் முகத்தைப் பார்க்காமல் நீட்டினாள்.

"மீதியை இதுல போட்டுக் குடு. செல்வி திங்கட்டும்."

சட்டியை வழித்துப் போட்டேன்.